குற்றாலத்தில் கூடித் தங்கப் போகிறவர்களுக்கு



தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, தென்காசிக் கோயில் கோபுரவாசலில் நிற்பவர்களின் மேல்துண்டைப் பறித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது என்ற செய்தி ஜூன் மாதத்தில் எட்டிய மாத்திரத்திலேயே, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலுமாகச் சிதறிக் கிடக்கிற நம் சுற்றத்தாரிடையே தொலைபேசிப் பேச்சு மும்முரமாகிவிடுகிறது. "இந்த வருஷமாவது எல்லோருமாகச் சேர்ந்து போவோம்" என்று ஓர் அக்காள் ஆசையோடு சொல்ல, ஐந்தருவிப் பாதையில் தமக்குத் தெரிந்தவர் வீடொன்று இருப்பதாகவும், நாலு அறையும் கூடமும் அடுக்களையும் மொட்டைமாடியும் உள்ள அந்த வீட்டை நாள் வாடகைக்கு அமர்த்தித் தருவது தம் பொறுப்பென்றும் யாரோ ஓர் அத்தான் அந்த க்ஷணத்திலேயே வாக்களித்துவிடுகிறார். அவ்வாறு வாக்களிக்கப்பட்ட வீடுகளிலே இந்தச் சாரல் காலத்தில் மூன்று தலைமுறையாகக் கூடித் தங்க உத்தேசித்திருக்கும் எல்லாக் குடும்பத்தாருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். எழுதுகிறவன் ஒரு பெரிய குடும்பத்தின் நடுப்பிள்ளை. மூத்தவர்களின் அதிகாரமும் இளையவர்களின் சலுகையும் இரண்டும் வாய்க்காத ஸ்தானம் அது என்பதால், இரண்டு பக்கத்துப் புலம்பலையும் கேட்கிற பாக்கியம் மட்டும் எனக்குத் தாராளமாகக் கிட்டியிருக்கிறது.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. குடும்பமாகப் போவதற்கென்றே அமைந்த ஊர் தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது குற்றாலந்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போனால் பெரியவர்களைக் கம்பளிக்குள் பொதிந்து அறையிலேயே உட்கார வைக்க நேரிடுகிறது. குற்றாலமோ கடல் மட்டத்துக்கு மேலே 160 மீட்டர் சொச்சம் உயரத்தில், மலையின் காலடியில் இருக்கிற ஊர். மேலே மலையில் பெய்கிற மழை அருவியாக வந்து சேர, ஊருக்குள் பூந்தூறலும் இளவெயிலும் மாறி மாறி விளையாடுமே தவிர, குளிர் எலும்பைத் தொடுவதில்லை. எண்பது வயது ஆச்சியையும் எட்டு மாதக் குழந்தையையும் ஒரே வீட்டில் பயமின்றி வைத்துக்கொள்ளலாம். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலும், நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் தாத்தாமார்களுக்கு. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் வாலிபர்களுக்கு. புலியருவியின் சிறு வீழ்ச்சியும், கடைவீதியில் குவித்து வைத்திருக்கும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குழந்தைகளுக்கு. இத்தனை சௌகரியங்களும் ஒருங்கே கூடிய இடத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள், திரும்புகிற வழியில் ஒருவரோடொருவர் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவானேன்?

இதற்குக் காரணம் குணக்கேடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தபோது, ராஜாஜியும் கல்கியும் இன்னும் எத்தனையோ அன்பர்களும் அவர் இல்லத்தை நாடி வந்து தங்கினார்கள். அந்த உபசாரத்தின் சுவையைப் பற்றி, 1954-இல் அவர் காலமான பிறகும் தமிழ்நாடு நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தது. அங்கே ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள். யார் கேட்பது, யார் கொடுப்பது, யார் எழுந்து விளக்கை அணைப்பது என்பதில் எந்த மயக்கமும் இல்லை. நம் பாட்டனார் காலத்துக் கூட்டுக் குடும்பத்திலும் மயக்கம் இருந்ததில்லை. மூத்தவர் சொல்வது சட்டம், மூத்த மருமகள் கையில் அடுக்களைச் சாவி. அந்தச் சட்டத்தில் நியாயம் குறைவாக இருந்திருக்கலாம், தெளிவு குறைவாக இருந்ததில்லை. நாம் நாள் வாடகைக்கு எடுக்கிற குற்றாலத்து வீட்டிலோ வீட்டுக்காரர் என்று ஒருவரும் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே நுழைகிற பன்னிரண்டு பேரும் தாம் விடுமுறைக்கு வந்தவர் என்ற ஒரே நினைவோடு, அதாவது விருந்தாளி என்ற நினைவோடு, பெட்டியை வைத்துவிட்டு உட்காருகிறார்கள். உபசரிக்க ஆள் வேண்டுமே? அரைமணி நேரத்துக்குள், ஒருவரும் நியமிக்காமலும் ஒருவரும் கேட்டுக்கொள்ளாமலும், யாரோ ஒரு மதினி எழுந்துபோய்க் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறாள். அந்த நிமிஷத்தில் அவளுடைய விடுமுறை முடிந்துபோகிறது.

அந்த மதினியிடம் பிறகு வருகிறேன். முதலில் பணவிஷயத்தைப் பேசி முடித்துவிடலாம். ஏனென்றால் நம்மவர்கள் பேசக் கூசுவது அதைத்தான்.

"நமக்குள் என்ன கணக்கு?" என்று மூத்த அண்ணாச்சி பெருந்தன்மையோடு சொல்கிறார். கேட்பதற்கு இதைப்போல் இனிமையான வார்த்தை வேறில்லை. ஆனால் அதைச் சொல்கிற சக்தி எப்போதும் வசதியுள்ளவருக்குத்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணாச்சி வீட்டில் மகன், மருமகள், பேரக்குழந்தைகள் உட்பட ஆறு பேர். தம்பி வீட்டில் நாலு பேர். கணவனை இழந்த தங்கையும் அவள் மகனுமாக இரண்டு பேர். மூன்று இராத்திரிக்கு வாடகை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் பங்குக்கு 8,000. சமத்துவம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அண்ணாச்சி குடும்பம் குளியலறை சேர்ந்த இரண்டு அறைகளில் படுக்க, தங்கையும் பையனும் கூடத்தில் பாய் விரித்து, எல்லோரும் உறங்கிய பின் படுத்து, எல்லோருக்கும் முன் எழுந்து பாயைச் சுருட்டியதற்கும் அதே 8,000. ஆள் கணக்கில் பிரித்திருந்தால் அவள் கொடுக்க வேண்டியது 4,000. கூடத்தில் படுத்ததை எண்ணிப் பார்த்தால் அதுவும் அதிகம். அவள் வாய் திறப்பாளா? திறக்க மாட்டாள். "எனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று அடுத்த வருஷம் சொல்லிவிடுவாள். நாமும் அவளுக்கு வேலை இருக்கிறது என்றே நம்பிவிடுவோம்.

என் யோசனை மிகவும் சாதாரணமானது. வாடகையை அறைக் கணக்கிலும், ஆகாரச் செலவை ஆள் கணக்கிலும் பிரித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாய் தந்தையரின் பங்கைப் பிள்ளைகள் எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும். எல்லோருமே கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே பொதுவில் போட்டு, அதைக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணிடமோ பையனிடமோ ஒப்படையுங்கள். அந்த வயதுக்காரர்களுக்குத் தாட்சண்யம் குறைவு, கூட்டல் கழித்தலும் சுத்தமாக வரும். பால், ஆட்டோ, வண்டி நிறுத்தும் கட்டணம், பழம் என்று கையிலிருந்து கொடுத்துக்கொண்டே போனால், ஊர் திரும்பும்போது ஒவ்வொருவரும் தாம்தான் அதிகம் செலவழித்ததாக மனப்பூர்வமாக நம்பிக்கொண்டு திரும்புவார்கள். அவர்களில் ஒருவரும் பொய் சொல்கிறவர் அல்லர் என்பதுதான் இதிலுள்ள விபரீதம். வசதியுள்ள அண்ணாச்சி தம்பிக்கோ தங்கைக்கோ உதவ விரும்பினால், முன்பணம் கட்டும்போதே வாடகையில் ஒரு பகுதியைத் தாம் ஏற்றுக்கொண்டு, மிச்சத்தை மட்டும் பங்கிடச் சொல்லலாம். சாப்பாட்டுக் கடையில் எல்லோர் முன்னிலையிலும் தம்பியின் கையைத் தட்டிவிட்டுப் பில்லைப் பிடுங்குவது தர்மத்தில் சேராது.

மாப்பிள்ளைமார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டிலேயே நல்ல அறை மாப்பிள்ளைக்கு, செலவில் பங்கு மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது என்பது நம் சம்பிரதாயம். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பங்குண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் மத்திய அரசின் சட்டமும் அந்த வழிக்கு வந்துவிட்டது. சொத்திலே சரிபங்கு என்றால் குற்றாலத்துச் செலவிலும் சரிபங்கு கொடுப்பதுதான் மாப்பிள்ளைக்கு கௌரவம். நான் அறிந்த மாப்பிள்ளைகளில் பெரும்பாலோர் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள்; வாங்குவதற்குத்தான் மாமனார்மார்களுக்குச் சங்கோசம்.

இனி அந்த மதினியிடம் வருவோம்.

வீட்டிலே வருஷம் முழுவதும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு பேருக்குச் சமைக்கிறவள், குற்றாலத்துக்கு வந்து பன்னிரண்டு பேருக்குச் சமைப்பதற்குப் பெயர் விடுமுறையானால், நாமும் நம் ஆபீஸ் கோப்புகளைக் கட்டிக்கொண்டு போய் அருவிக்கரையில் உட்கார்ந்து பார்ப்பதே நியாயம். "அடுக்களை உள்ள வீடாகப் பாருங்கள்; வெளிச்சாப்பாடு குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லுகிறவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள்; அந்த அடுக்களைக்குள் ஒரு தடவையும் நுழையப் போகாதவர்களாகவே இருப்பார்கள். அருவியில் மணிக்கணக்காக நின்றுவிட்டு வருகிறவர்களுக்குப் பசி என்பது அக்கினி. சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் சுடச்சுட இலையில் விழ வேண்டும் என்று எதிர்பார்த்து வந்து உட்காருகிறார்கள். பரிமாறி முடித்த பெண்கள், ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பற்றுப்பாத்திரம் தேய்த்து நிமிரும்போது, அடுத்த காப்பிக்கு நேரம் வந்துவிடுகிறது. அடுக்களையில் மூன்று பெண்கள் நிற்பதால் வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. ஒருவர் வீட்டில் சாம்பாருக்குத் தேங்காய் அரைப்பார்கள், ஒருவர் வீட்டில் அரைக்க மாட்டார்கள். ஓரகத்திகளுக்குள் அந்தத் தேங்காயைப் பற்றி எழுகிற சிறு முணுமுணுப்பு, பத்து வருஷத்துப் பழைய மனஸ்தாபத்தையெல்லாம் கிளறிக்கொண்டு மொட்டைமாடி வரையில் போய்ச் சேருகிறது.

திருநெல்வேலிச் சீமையில் முற்காலத்து வசதியான குடும்பங்கள் சாரலுக்குப் போகும்போது சமையற்காரரான தவசிப்பிள்ளையையும் உடன் அழைத்துப் போவது உண்டு. அந்த ஏற்பாட்டில் ஆடம்பரம் இருந்ததென்று சிரிக்கலாம். அதில் இருந்த புத்தியையும் காண வேண்டும். தென்காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் விசாரித்தால் மூன்று நாளைக்குச் சமைத்துக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிதன்று. கூலியையும் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால், நாம் நொறுக்குத் தீனிக்குச் செலவிடுகிற தொகையைத் தாண்டாது. அது முடியாவிட்டால், காலை ஆகாரமும் இரவு ஆகாரமும் வெளியே என்று தீர்மானித்து, மத்தியானம் ஒரு வேளை மட்டும், அதுவும் குழம்பு ஒன்று அப்பளம் ஒன்று என்ற அளவில், முறை வைத்துச் சமையுங்கள். சமைக்கிற குடும்பத்தின் ஆண்களே காய் நறுக்கி, இலை எடுத்து, பாத்திரமும் கழுவட்டும். முதல் நாள் கட்டுச்சோறு இருக்கவே இருக்கிறது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் ஒரு பகலைத் தாண்டிவிடும். கலப்பு மணங்களால் சைவமும் அசைவமும் ஒரே குடும்பத்தில் சேர்ந்திருக்கிற காலம் இது. பிரானூர் பார்டர்க் கடைகளில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டால்தான் குற்றாலம் வந்ததாக அர்த்தம் என்று ஒரு கட்சி சாதிக்கும். அவர்கள் போய் வரட்டும். எல்லோரும் எல்லா வேளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதற்கு?

அறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படி ஏற முடியாதவர்களுக்குக் கீழறை. முழங்கால் மடங்காதவர்களுக்கு மேல்நாட்டு மாதிரிக் கழிவறை உள்ள அறை. புதிதாக மணம் முடித்தவர்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை. குறட்டை விடுகிறவர்கள் எல்லோரும் ஓர் அறை. இவற்றை வீட்டுக்குள் நுழைந்த பிறகு பேசாமல், புறப்படுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கு இரண்டு குளியலறை என்றால் விடியற்காலையில் வாசலில் வரிசை நிற்கும்; ஊரெல்லாம் தண்ணீராக விழுகிற குற்றாலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் தொட்டி மட்டும் வறண்டு போகும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். சாரலில் எந்தத் துணியும் உலராது. கயிறும் கிளிப்பும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆளுக்கு ஒரு செட் துணி அதிகமாகவும்.

அருவிக்குப் போகிற விஷயத்தில் ஒரு சிறு அநியாயம் நெடுநாளாக நடந்து வருகிறது. பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். இரு சாராரும் தத்தம் பக்கம் போய்விட்டால், துணிப்பைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் கைப்பேசிகளையும் கழற்றி வைத்த சங்கிலிகளையும் காக்க ஒருவர் வேண்டுமல்லவா? ஒரு சித்தியோ, மணமாகாத அத்தையோ கல்லின்மேல் உட்கார்ந்து மடி நிறையப் பைகளை வைத்துக்கொண்டிருப்பார். "உனக்குத்தான் சளி பிடிக்குமே" என்று எல்லோருமாக அவருக்கு வைத்தியம் சொல்லி உட்கார வைத்திருப்பார்கள். மூன்று நாளும் ஆறு அருவிக்கும் அவரே காவல். சளி பிடிக்குமா பிடிக்காதா என்பதை அந்த அத்தையிடமே கேளுங்கள். காவலையும் முறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே அருவியில் போய் நின்ற காலம் மலையேறிவிட்டது. எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் அருவியில் கூடாதென்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. எண்ணெய்க் குளியலை வீட்டுக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ளும்படி பெரிய அத்தான்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் விளையாட்டுப் பேச்சை விட்டுவிடுகிறேன். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில், கீழே வானம் பெரிதாக மிரட்டாதிருக்கையில், மலைமேல் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் பெருகி, 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. யாரையும் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. நீர் பெருகத் தொடங்கினால் நிமிஷங்களே மிச்சம் என்பதற்காகச் சொல்கிறேன். சுற்றத்தார் பலர் சேர்ந்து போகிறபோது, குழந்தையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார் என்று தகப்பனும், தகப்பன் பார்த்துக்கொள்கிறான் என்று சித்தப்பாவும், இருவரும் இருக்கிறார்களே என்று தாத்தாவும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்; வீட்டுக்காரர் இல்லாத வீட்டின் குழப்பம் நீர்த்துறை வரையில் நம்மோடு கூடவே வந்துவிடுகிறது. ஆகவே இன்ன குழந்தைக்கு இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது போலீஸார் தடை போடுவார்கள். அன்றைக்கு "இவ்வளவு செலவழித்து வந்தோமே" என்று அவர்களோடு வாதாடாமல் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்காருங்கள். செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் வனத்துறையின் அனுமதியின்றி ஏறிப் போகலாம் என்று சொல்கிற உள்ளூர் சிநேகிதரை, எவ்வளவு நல்லவரானாலும், அந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு குடும்பத்திலும் நிகழ்ச்சி நிரல் போடுகிற ஒருவர் உண்டு. விடியற்காலை நாலரைக்குப் பேரருவி, ஏழுக்கு ஐந்தருவி, பத்துக்குக் கோயில், பிற்பகல் குண்டாறு அணை என்று அவர் வாசிக்கும்போதே பாதிப் பேருக்குக் களைப்பு வந்துவிடும். அவருடைய உற்சாகம் இல்லாவிட்டால் பிரயாணமே நடந்திராது என்பதால் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. அதற்காக எல்லோரும் அவர் பின்னே போகவும் வேண்டியதில்லை. வரவில்லை என்கிறவரிடம் காரணம் கேட்காமலிருப்பது கூடித் தங்குவதில் பாதிச் சுகம். தூங்க வந்தவர் தூங்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பூர்விக வீட்டை விற்கலாமா வேண்டாமா என்ற விவகாரத்தை மட்டும், இரவு சாப்பாடு முடிந்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற வேளை பார்த்து, "ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன்" என்று எடுத்துவிடாதீர்கள். வக்கீல் ஆபீஸ்கள் வருஷம் முழுவதும் திறந்துதான் இருக்கின்றன.

காலி செய்கிற நாளைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. வீட்டை மத்தியானத்துக்குள் விட்டுவிட வேண்டியிருக்கும். செங்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் பொதிகை வண்டியோ மாலையில்தான் புறப்படுகிறது. இடையிலுள்ள நேரத்துக்குப் பன்னிரண்டு பேரும், ஈரத்துணி மூட்டைகளும், பாதி தீர்ந்த அரிசிப் பையும், அத்தை வாங்கிய பலாப்பழமும் எங்கே இருப்பது என்பதை வாடகை பேசும்போதே வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாலை வரையில் ஓர் அறையை விட்டுக்கொடுக்கச் சிலர் சம்மதிப்பதுண்டு. மிஞ்சிய மளிகைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகாமல், வீடு பெருக்கிய அம்மாளிடம் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கணக்கு நோட்டை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் விரியுங்கள்; ராஜபாளையம் வருவதற்குள் படித்துக்காட்டி, பாக்கிப் பணத்தை அங்கேயே கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மதுரை தாண்டினால் பெரியவர்கள் விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார்கள். எழும்பூரில் இறங்கிய பிறகு ஆட்டோ பிடிக்கிற அவசரத்தில் ஒருவரும் நோட்டைக் கேட்க மாட்டார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஒரு நடுப்பிள்ளை